அம்மாவின் டிவிக்கு ஒரு சின்னக் கொம்பியூட்டர்: எங்கிருந்து தொடங்குவது?

நொச்சிமுனை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நொச்சிமுனையில் இருக்கிறேன், பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். கொம்பியூட்டரில் வினாத்தாள் அடிப்பேன், புள்ளிப் பட்டியல் போடுவேன். பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தது கிடையாது. இப்போது டிவியோடு இணைத்து வீடியோ பார்ப்பதற்கென்றே ஒரு கொம்பியூட்டர் செய்ய வேண்டியிருக்கிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு எது தேவை என்று விளங்கும்.

2003இல், சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், கனடாவில் இருந்து சின்னம்மா வந்திருந்தார். அந்த முறை கன்னன்குடாவில் என் மாமா ஆடிய வடமோடிக் கூத்தை (மட்டக்களப்புக் கூத்தில் ஒரு வகை) கையில் கொண்டுவந்த கமராவில் எடுத்தார். விடிய விடிய நடந்த கூத்தில் இரண்டு மணித்தியாலம் அதில் இருக்கிறது. எங்களுக்கும் ஒரு கசட்டில் பதிந்து தந்துவிட்டுத்தான் போனார். அடுத்த வருடம் டிசம்பர் 26ஆம் திகதி டச்பாரில் எங்கள் வீடும் கசட்டும் அல்பங்களும் கடலோடு போயின. மாமாவும் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் நின்றார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி.

போன மாதம் சின்னம்மாவின் மகன் அந்தச் சின்ன டேப்புகளைத் தேடிப் பிடித்து, கொம்பியூட்டரில் ஏற்றி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்து அனுப்பியிருக்கிறான். இரண்டு ஃபைல், ஒவ்வொன்றும் 13 ஜிபி அளவு. டிவியின் யு.எஸ்.பி துளையில் செருகினேன். ஃபைலின் பெயர் தெரிகிறது, அழுத்தினால் இந்த வகை ஓடாது என்று வருகிறது. பென் டிரைவில் பிரதி எடுக்கப் பார்த்தேன், 32 ஜிபி பென் டிரைவாக இருந்தும் ஃபைல் பெரிது என்று நின்றுவிட்டது. என் லேப்டாப்பில் ஓடுகிறது, ஆனால் மாமா காலைத் தூக்கி வைக்கும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக வருகிறது.

அம்மாவுக்கு 74 வயது. ஒரு கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று, மற்றதில் இன்னும் எடுக்கவில்லை. லேப்டாப்பில் பத்து நிமிடம் பார்த்தார். "இவன்தானா, வேற ஆளா?" என்று கேட்டுவிட்டு எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் போட்டுக் காட்டவில்லை.

எங்கள் டிவி 40 அங்குலம், ஃபுல் எச்.டி, படமும் சத்தமும் ஒரே கம்பியில் வரும் எச்.டி.எம்.ஐ துளை இரண்டு உண்டு, டிவியில் இன்டர்நெட் வசதி கிடையாது. இந்தக் கூத்துத் தவிர, சொந்தக்காரரின் கல்யாண டிவிடி பதினொன்று, ஃபோனில் உள்ள படங்கள், யூடியூப்பில் வருகிற கூத்து, மாமாங்கத் திருவிழா, இவ்வளவையும் அம்மா தானாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் காலை ஏழு மணிக்குப் போனால் இரண்டரைக்குத்தான் வருவேன்.

கையில் 50,000 ரூபா இருக்கிறது. கடையொன்றில் கேட்டேன், கேம் விளையாடும் பெட்டிக்கு விலை எழுதித் தந்தார்கள், அது என் சம்பளத்துக்குச் சரிவராது. சாமான் சாமானாக வாங்கிப் பூட்ட என்னால் ஏலுமா? அல்லது ஆண்ட்ராய்ட் பெட்டி போதுமா? அம்மாவின் கைக்கு ஏற்ற றிமோட் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்முனை நானா:

வணக்கம் தங்கச்சி. கல்முனையில் கொம்பியூட்டர் திருத்துகிறேன். உங்கள் தேவையை வாசித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு: அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை இன்றைக்கே இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில். கடற்கரையில் இருந்த ஒரு கசட் போய், கனடாவில் இருந்த டேப் மிஞ்சியதால்தானே இன்றைக்கு இந்தக் கேள்வியே வந்தது. பென் டிரைவ் மறுத்ததற்குக் காரணம் அதன் ஃபார்மட். ஃபேட்32 என்ற பழைய முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை வைக்க முடியாது. பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு ஃபார்மட் பண்ணினால் ஏறும். ஃபார்மட் பண்ணினால் அதில் இருப்பது அழியும், பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது பெட்டி. சாமானாக வாங்கிப் பூட்டவே வேண்டாம். கேசிங், பவர் சப்ளை, போர்ட் என்று தனித்தனியாக வாங்கினால் உங்கள் காசு பாதி வழியில் முடிந்துவிடும். அலுவலகங்களில் பாவித்துக் கழித்த மினி கொம்பியூட்டர்கள் வருகின்றன, ஒரு தடித்த புத்தகம் அளவுதான். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ, எச்.பி எலைட்டெஸ்க் 800 ஜி3 மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி வகைகள். உள்ளே உள்ள பிராசசர் இன்டெல் ஏழாம் தலைமுறையா என்று கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்றுக்கொள்ளும். அதனால் நிறுவனங்கள் ஏழாம் தலைமுறையைக் கழித்துவிடுகின்றன. நாம் விண்டோஸ் போடப் போவதில்லை, எனவே நமக்கு அது குறையில்லை.

ஆறாம் தலைமுறை இன்னும் மலிவு என்று கடையில் சொல்வார்கள். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் உங்களைப் போன்றவருக்கு ஒரு வித்தியாசம் உண்டு. இப்போது வரும், பத்து பிட் எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோக்களை ஏழு தன் கிராஃபிக்ஸ் பகுதியாலேயே முழுமையாக விரித்துக்கொள்ளும், ஆறுக்கு அது முழுமையாக ஏலாது. யூடியூப்பின் புதிய ஏவி1 வகைக்கு ஏழும் போதாது, அதற்கு இன்டெல் என்100 போன்ற புதிய சிப் உள்ள மினிப் பெட்டி வேண்டும். ஃபுல் எச்.டி டிவிக்கு அதற்கெல்லாம் போக வேண்டியதில்லை. ராம் 4 ஜிபி போதும், 8 இருந்தால் நல்லது. மென்பொருளை இறக்கி வைக்கும் எஸ்.எஸ்.டி டிஸ்க் 120 ஜிபியே தாராளம்.

கடையில் பார்க்க வேண்டியது: அடாப்டர் அந்தப் பெட்டியோடு வந்ததா என்று கேளுங்கள். டெல் என்றால் அடாப்டர் முனையின் நடுவில் மெல்லிய ஊசி இருக்கும், அதன் வழியாகத்தான் பெட்டி தன் அடாப்டரை அடையாளம் காணும். பொருந்தாததைப் போட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். பிறகு பின்பக்கம் திருப்பி எச்.டி.எம்.ஐ இருக்கிறதா என்று பாருங்கள். சிலதில் டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு துளை மட்டும்தான். அப்படியென்றால் டிஸ்பிளேபோர்ட்டில் இருந்து எச்.டி.எம்.ஐக்குப் போகும் கேபிள் வாங்க வேண்டும், அது ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும், மாறி வாங்கிவிடாதீர்கள். அதில் சத்தமும் சேர்ந்தே வரும். பழைய நீல விஜிஏ கேபிளில் சத்தம் வராது. துளைகளின் உட்பக்கம் பச்சை பூத்திருந்தால் வாங்க வேண்டாம், உப்புக் காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

மென்பொருள்: லிப்ரெஎலெக். இலவசம். பெட்டியைப் போட்டதும் நேராகக் கோடி என்ற பிளேயருக்குள் போய் நிற்கும், வேறு எந்தத் திரையும் வராது. அம்மாவுக்கு அதுதான் வேண்டும். பென் டிரைவில் எழுதி, அதில் இருந்து பெட்டியை எழுப்பி, எஸ்.எஸ்.டியில் இறக்கலாம். டெல்லில் எஃப்12, எச்.பியில் எஃப்9 அழுத்தினால் எதில் இருந்து எழும்புவது என்று கேட்கும். செக்யூர் பூட் (Secure Boot) என்ற காவல் முறையை முதலிலேயே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எழும்பாது. இறக்கும்போது தெரிவு செய்யும் டிஸ்க்கை முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் எழுதும். ஆகவே அந்த நேரம் மாமாவின் ஹார்ட் டிஸ்க் பெட்டியில் செருகியிருக்கக் கூடாது. மேசையிலும் வைக்காதீர்கள். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து செய்யுங்கள்.

பயாஸில் (பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரை) இன்னொன்று: கரண்ட் போய் வந்தால் தானாக எழும்பும்படி வைக்கலாம். டெல்லில் ஏசி ரிக்கவரி என்று இருக்கும், அதைப் பவர் ஆன் என்று மாற்றுங்கள். நீங்கள் பாடசாலையில் இருக்கும்போது கரண்ட் போனால் அம்மா தேடித் திரிய வேண்டியதில்லை.

அக்கரைப்பற்றுத் தம்பி:

அக்கா, நானா சொன்னது சரி. நான் வேறு வழியும் சொல்கிறேன். என் வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கொம்பியூட்டரில் இதே லிப்ரெஎலெக் போட்டு வைத்திருக்கிறேன். அதில் பெரிய வசதி, டிவியின் றிமோட்டாலேயே கோடியை ஓட்டலாம். எச்.டி.எம்.ஐ கம்பி வழியாகவே டிவி, றிமோட்டின் கட்டளையைப் பெட்டிக்குக் கடத்தும், அதற்கு சிஈசி என்று பெயர். டிவி அமைப்புகளில் ஒவ்வொரு கம்பனியும் வேறு வேறு பெயர் வைத்திருக்கும், தேடி ஆன் பண்ண வேண்டும். சாதாரண கொம்பியூட்டர்களில் இது பெரும்பாலும் வராது, தனியாக யு.எஸ்.பி அடாப்டர் வாங்கிப் போட வேண்டும். என் உம்மாவும் ஒரே றிமோட்டோடுதான் பார்க்கிறா.

குறையையும் சொல்கிறேன். நான்கு யு.எஸ்.பி துளைக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் பை கொடுக்கும், இரண்டு ஹார்ட் டிஸ்க் செருகினால் இழுக்காது. மெமரி கார்ட்டில் ஓடுவதால் அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் கார்ட் பழுதாகும், எனக்கு ஒரு முறை ஆகிவிட்டது. கேசிங், அடாப்டர், மைக்ரோ எச்.டி.எம்.ஐ கேபிள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மினிப் பெட்டியின் விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

யூடியூப் பற்றி: கோடியில் அதற்கு ஒரு ஆட்-ஆன் (சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்) இருக்கிறது, ஆனால் கூகிளில் உங்கள் பெயரில் ஏபிஐ கீ என்ற அனுமதிக் குறியீடு எடுத்துப் போட வேண்டும். ஒரு மாலை நேரம் போகும், ஒருமுறை செய்தால் போதும். காசு கட்டிப் பார்க்கும் படச் சேவைகள்தான் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்ட் டிவி ஸ்டிக்தான் நல்லது. உங்களுக்கு அது தேவையில்லை போல இருக்கிறது.

நொச்சிமுனை மகள்:

நானா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. முதல் வேலையாகப் பிரதி எடுத்துச் செங்கலடியில் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். கரண்ட் விஷயத்தை யோசித்து மினிப் பெட்டி என்றுதான் முடிவு. ஆனால் அந்தச் சீப்புக் கோடுகள் பெட்டி மாறினால் போய்விடுமா? டேப்பே பழுதாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

படுவான்கரை வீடியோக்காரர்:

மனே, டேப் பழுதில்லை. பயப்படாதீங்க. நான் முப்பது வருடமாகக் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கூத்து என்று வீடியோ எடுத்தவன். கொக்கட்டிச்சோலைத் தேரையும் பல வருடம் எடுத்திருக்கிறேன். அந்தக் கோடுகள் அந்தக் காலத்துக் கமரா எடுக்கும் முறை.

பழைய கமரா ஒரு படத்தை ஒரே நேரத்தில் முழுதாக எடுக்காது. முதலில் ஒற்றைக் கோடுகள், அடுத்த நொடித்துண்டில் இரட்டைக் கோடுகள் என்று இரண்டு தவணையில் எடுக்கும். பழைய குண்டு டிவி அதே முறையில் மாறி மாறிக் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போதைய திரை இரண்டு தவணையையும் ஒன்றாக வைத்துக் காட்டுகிறது. நிற்கிற ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆடுகிற காலுக்கு இரண்டு தவணைக்கும் இடையில் இடம் மாறிவிடும், அதுதான் சீப்பு. வடமோடி ஆட்டத்தில் துள்ளல் கூடுதல், அதனால் உங்களுக்கு இவ்வளவு தெரிகிறது. கோடியில் வீடியோ ஓடும்போது பற்சக்கரப் படத்தை அழுத்தி வீடியோ அமைப்புக்குள் போனால் டீஇன்டர்லேஸ் என்று இருக்கும், அந்த இரண்டு தவணையையும் சரிப்படுத்துவது அதுதான். அதில் உள்ள முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிச் சதங்கைக் காலைப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், காலைத்தான் பார்க்க வேண்டும். சரியானது வந்ததும் விளங்கும்.

இன்னொன்று, கனடாக் கமரா என்றபடியால் அது வட அமெரிக்க டிவிகளின் என்.டி.எஸ்.சி முறை, நொடிக்கு 29.97 படம். நம் ஊர்க் கல்யாண டிவிடிகள் பால் (PAL) என்ற நம் நாட்டு டிவி முறை, நொடிக்கு 25 படம். இரண்டையும் ஒரே வேகத்தில் டிவி காட்டினால் ஒன்று இடறும். கோடியின் பிளேயர் அமைப்பில், வீடியோ தொடங்கும்போதும் முடியும்போதும் திரையின் புதுப்பிக்கும் வேகத்தை மாற்று என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் கூத்துக்கு 60க்கும் டிவிடிக்கு 50க்கும் டிவியைத் தானே மாற்றும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அம்மா "இவன்தானா" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது கண் வருத்தத்தால் மட்டும் இருக்காது. என்.டி.எஸ்.சி டேப்பில் படம் 720க்கு 480 புள்ளி. அந்தப் புள்ளிகள் சதுரம் இல்லை, ஒடுங்கியவை. சில பிளேயர்கள் அதைச் சதுரமென்று எடுத்துக் காட்டும். அப்போது ஆள் எட்டில் ஒரு பங்கு அகலமாகத் தெரிவார். முகம் பரந்து, தோள் தடித்து, வேறு ஆள் மாதிரி. சரியான அளவு 4க்கு 3. டிவியிலும் படத்தை இழுத்துத் திரை நிரப்பும் அமைப்பை நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு நிற்கட்டும், ஆள் ஆளாகத் தெரிய வேண்டும்.

ஃபோனிலும் பார்க்க வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒரு பிரதி மாற்றுங்கள். டீஇன்டர்லேஸில் பாப் (Bob) என்பதைத் தெரிவு செய்தால், தவணை ஒவ்வொன்றும் தனிப் படமாகி, ஆட்டத்தின் ஓட்டம் குறையாது. தரத்தை 18 அளவில் வையுங்கள். 13 ஜிபி மூலத்தை மட்டும் எந்தக் காலத்திலும் அழிக்க வேண்டாம்.

நொச்சிமுனை மகள்:

ஐயா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். அன்றிரவே லேப்டாப்பில் அளவை 4க்கு 3 ஆக்கிப் பார்த்தேன். நான் மாமாவைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு 22 வயது. அந்த ஒல்லி முகம், காதோரம் இறங்கிய மயிர், எல்லாம் அப்படியே வந்து நின்றது. அம்மாவுக்கு உடனே காட்டவில்லை. டிவியில் சரியாக வந்த பிறகு காட்டுவோம் என்று வைத்துக்கொண்டேன்.

பெட்டி போன சனிக்கிழமை வாங்கினேன். ஏழாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், அடாப்டரும் கேபிளும் சேர்த்து 42,000. முதல் காட்டியதன் துளை பச்சை பூத்திருந்தது, நானா சொன்னபடி வேண்டாமென்று அடுத்ததைக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க்கை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் லிப்ரெஎலெக் இறக்கினேன். செக்யூர் பூட்டைத் தேடிப் பிடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது, மற்றது எல்லாம் பத்து நிமிடம். சத்தம் முதலில் வரவில்லை. சிஸ்டம் அமைப்பில் ஓடியோ வெளியீட்டை எச்.டி.எம்.ஐக்கு மாற்றியதும் வந்தது. மத்தளம் நன்றாகக் கேட்கிறது, கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் பாட்டு மெல்லியதாக இருந்தது. ஓடும்போது ஓடியோ அமைப்பில் சத்தத்தைப் பெருக்கும் பகுதி உண்டு, அதைக் கூட்டினேன். பாஸ்த்ரூ (சத்தத்தை மாற்றாமல் அப்படியே டிவிக்கு அனுப்புவது) நிறுத்தியிருந்தால்தான் அது வேலை செய்கிறது, புதிதாகச் செய்பவர்கள் கவனியுங்கள்.

றிமோட்: யு.எஸ்.பி துளையில் செருகும் சின்ன டொங்கிளோடு வரும் ஒன்று வாங்கினேன். அதில் பொத்தான் கூடுதல். அம்மாவுக்குத் தேவை அம்புக்குறி நான்கு, நடுப் பொத்தான், பின்னுக்குப் போகும் பொத்தான். நடுவில் உள்ளதற்குச் சிவப்புக் கியூடெக்ஸ் பூசினேன், பின்னுக்குப் போவதற்கு வெள்ளை. மற்றவற்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். கோடியின் முதல் திரையில் படம், இசை, கேம், வானிலை என்று வரிசையாக இருந்ததை ஸ்கின் (திரைத் தோற்றம்) அமைப்பில் மறைத்து, வீடியோக்களும் ஃபேவரிட்ஸும் மட்டும் விட்டேன். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு படத்தை ஃபோல்டர் என்ற பெயரில் ஜேபிஜியாகப் போட்டால் அதுவே முகப்பாக வரும். அதனால் அம்மா வாசிக்க வேண்டியதில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு அக்காவின் முகம், மாமாங்கத்துக்குக் கோபுரம், கூத்துக்கு மாமா தலையில் கூத்து முடி (கிரீடம்) வைத்து நிற்கும் படம். யூடியூப் இன்னும் போடவில்லை, தம்பி, அடுத்த விடுமுறையில் உங்களிடம் கேட்பேன்.

ஞாயிறு பின்னேரம் போட்டேன். வட்டக்களரியில், கூத்தின் வட்ட மேடையில், மாமா வரவு ஆடி வந்தார். அம்மா கதிரையை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். எதுவும் கதைக்கவில்லை. கொஞ்சம் போனதும், "இந்த உடுப்புக்குக் கண்ணாடித்துண்டு தைச்சது நான்தான்" என்றார். பிறகு ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். சனத்துக்குள் அம்மம்மா இருந்திருக்கிறார், வாயில் வெற்றிலையோடு. நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

நேற்று நான் பாடசாலையில் இருந்தபோது பதினொரு மணிக்குக் கரண்ட் போய் அரை மணித்தியாலத்தில் வந்ததாம். நான் வீட்டுக்குள் வரும்போது வாசலிலேயே கூத்தின் சல்லரித் தாளச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மாமியையும் கூப்பிட்டு வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தி, அம்மாவே போட்டுவிட்டிருந்தார்.

கல்முனை நானா:

மாஷா அல்லாஹ், தங்கச்சி. பெட்டியைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள், காற்றுப் போக வேண்டும். பல்லியும் எறும்பும் சூடு தேடி உள்ளே போகும், மாதம் ஒரு முறை காற்றுத் துளைகளைத் துடையுங்கள். இப்படியே இரவு பகல் விட்டாலும் சும்மா இருக்கும்போது 10 வாட் அளவுதான் இழுக்கும், மாதம் ஏழு யூனிட் வரும். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு மட்டும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், டிவி அன்டனா வயரையும் சேர்த்து.